ஒத்திகைக்கு முன் பார்ட்டுகளைத் தயார் செய்வது

எண்பது பேர் காத்திருக்க ஒருவர் மட்டும் தன் பார்ட்டில் (தன் கருவிக்குரிய இசைத்தாளில்) பக்கத்தைத் தேடுகிறார் என்றால், பெரும்பாலும் பிழை அவருடையதல்ல, இசைத்தாள்களைக் கவனிக்கும் இசைக்குழு நூலகருடையது.

முதலில் எண்ணிக்கை. பெரிய சிம்பொனி இசைக்குழுவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது வழக்கமான அளவு. இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுக்கு இருவர் என்பதால் 30 பார்ட் போதும். காற்றுக் கருவிக்காரர்களுக்கு ஆளுக்கொன்று. 1808-ல் வியன்னாவில் அரங்கேறிய பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு டிம்பனியோடு சேர்த்து அப்படி 18. ஆக மொத்தம் 48. பிக்கோலோ, கான்ட்ரபஸூன், மூன்று டிராம்போன் ஆகியவை நான்காம் பகுதியில்தான் வாசிக்கும். அதனால் அந்த ஐந்தும் விடுபட்டால் முதல் மணி நேரத்தில் யாருக்கும் தெரியாது!

அடுத்தது வில் குறிகள். நாள் கணக்கில் இழுக்கிற வேலை இதுதான். முதல் வயலின் தலைவர் தன் பார்ட்டில் கீழ்வில், மேல்வில் (வில்லை எந்தத் திசையில் இழுப்பது) குறித்துத் தருவார். அதைப் பார்த்து மற்ற நான்கு பிரிவுத் தலைவர்களும் தங்களுடையதைக் குறிப்பார்கள். ஐந்து மூலங்களும் கைக்கு வந்த பிறகே மீதி 25-ல் ஏற்றுங்கள். அவசரப்பட்டு முதல் வயலினை மட்டும் முடித்து வைத்தால், செல்லோ தலைவர் ஓர் இசைத்தொடரின் வில் குறியை மாற்றச் சொன்னதும் எட்டுப் பார்ட்டிலும் அழித்து எழுத வேண்டிவரும். 2பி பென்சில்தான் சரி. எச்பி மேடை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும், அழித்தாலும் தடம் நிற்கும். பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். வாடகைப் பார்ட்டுகளை அழித்துத்தான் திருப்பித் தர வேண்டும்.

குழுவை நடத்தும் கண்டக்டரின் ஸ்கோரும் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த இசைத்தாள்) பார்ட்டும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். அவர் பார் (தாளக் கட்டம்) எண்ணைச் சொல்லி "214-லிருந்து" என்பார். பழைய பார்ட்டிலோ இடம் காட்ட A, B போன்ற எழுத்துகள் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண்ணை எழுதிவிடுங்கள்.

பக்கம் புரட்டுவது ஸ்டாண்டில் உள்பக்கம் (பார்வையாளரிடமிருந்து தள்ளி) இருப்பவர்; அந்த நேரத்தில் வெளிப்பக்கத்தவர் மட்டும் வாசிப்பார். ஆனால் ஒற்றை ஓபோவுக்குப் புரட்டித் தர ஆளில்லை. வலப்பக்க முடிவில் ஓய்வு இல்லையென்றால், அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு வரிகளை நகலெடுத்துக் கீழே ஒட்டுங்கள். பளபளப்பான டேப் விளக்கொளியில் கண்ணைக் கூசும், மங்கல் டேப்பே நல்லது.

வீட்டில் பழகக் கேட்பவருக்கு நகலைக் கொடுத்துவிட்டு, மூலத்தை ஃபோல்டரிலேயே வையுங்கள்.