அப்டேட்டுக்குப் பிறகு கீபோர்டும் மவுசும் அசையவில்லையா? உப்புக்காற்றைத் திட்டும் முன் இதைச் செய்யுங்கள்

லினக்ஸ் மின்ட் போட்ட கடைக் கம்ப்யூட்டர். அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது, லாகின் திரையும் ஒழுங்காக வருகிறது. ஆனால் மவுசை எப்படி இழுத்தாலும் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பாஸ்வேர்டு கட்டம் காலியாகவே கிடக்கிறது. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கடற்கரையில் இதற்கு ஒரே தீர்ப்புதான்: "உப்புக்காத்து அரிச்சிருச்சு, வேற வாங்கிப் போடுங்க." புதுக் கீபோர்டு வாங்கி மாட்டினால் அதுவும் வேலை செய்யாது. அடுத்து சிபியுவைச் சாக்கில் கட்டி மதுரை பஸ்ஸில் ஏற்றுவார்கள்.

உப்புக்காற்று பண்ணும் அநியாயம் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அப்டேட்டுக்கு முன்புவரை நன்றாக ஓடிய இரண்டு சாமான்கள் அப்டேட் முடிந்ததும் சேர்ந்தாற்போல் படுத்துவிட்டால் அது துருவின் வேலை இல்லை. துரு நாள் நட்சத்திரம் பார்த்து இரண்டையும் ஒன்றாகப் பிடிக்காது.

உள்ளே என்னதான் நடந்தது?

மின்ட், சுபுன்டு மாதிரி பழைய கம்ப்யூட்டர்களில் நாம் போடுகிற லினக்ஸ்களில் திரையைக் கவனித்துக்கொள்வது எக்ஸ்ஆர்க் என்ற சர்வர், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம். 2005 டிசம்பரில் வந்த பதிப்பிலிருந்து இது ஒரே மூட்டையாக வருவதில்லை. சர்வர் தனி, திரைக்கான டிரைவர் (சாமானை இயக்கும் சிறு புரோகிராம்) தனி, கீபோர்டு மவுசுக்கான டிரைவர் தனி. இப்போது பெரும்பாலும் கீபோர்டு, மவுஸ் இரண்டையும் பார்த்துக்கொள்வது லிப்இன்புட் என்கிற ஒரே டிரைவர்தான். அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் போகின்றன.

சர்வருக்கும் டிரைவருக்கும் இடையே ஒரு ஒப்பந்த எண் இருக்கிறது. சர்வர் புதிதாகி எண் மாறி, டிரைவர் பழையதாகவே நின்றுவிட்டால் சர்வர் அதை ஏற்றாது. படகில் புது இன்ஜினை இறக்கிவிட்டுப் பழைய ஷாஃப்டையே மாட்டப் பார்க்கிற கதை. திரை டிரைவர் பொருந்தியதால் படம் வருகிறது, உள்ளீட்டு டிரைவர் பொருந்தாததால் சர்வருக்கு உங்கள் விரல் தட்டுவது தெரிவதே இல்லை.

இப்படிப் பாதியில் நிற்க நம் ஊரில் முக்கியக் காரணம் கரண்ட். நெட் விட்டுவிட்டு வந்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்டேட்டை இறக்கி நிறுவுகிற ஆப்ட் என்கிற கருவி எல்லாவற்றையும் முதலில் இறக்கி முடித்த பிறகுதான் நிறுவத் தொடங்கும், ஆகவே நெட் அறுந்தால் பெரிய சேதம் இல்லை. நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் வம்பு. இன்னொரு காரணம், புதிய கிராபிக்ஸ் வேண்டும் என்று வெளியார் பிபிஏ (தனியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியம்) எதையாவது சேர்த்து வைப்பது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைகளில் இந்த ஆசை அதிகம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

லாகின் திரையில் கடிகாரம் ஓடுகிறதா? ஓடினால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, உள்ளீடு மட்டும்தான் இல்லை. கடிகாரமும் நின்றிருந்தால் அது வேறு நோய். இந்த வைத்தியம் அதற்கு உதவாது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கறுப்புத் திரை வந்தால் அதிர்ஷ்டம், நேராகக் கமாண்டுகளுக்குப் போய்விடலாம். பெரும்பாலும் வராது, அந்தச் சேர்க்கையைக் கவனிக்க வேண்டியதும் அதே சர்வர்தான்.

பவர் பட்டனைப் பிடித்து அமுக்கி அணைக்காதீர்கள். ஒரு தரம் லேசாகத் தட்டினால் லாகின் திரையிலிருந்து பொதுவாக முறையாகவே அணையும். அணையாவிட்டால் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நொடி விட்டு அழுத்துங்கள். இது சர்வரைத் தாண்டி நேராக லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போகிறது. எஸ் தகவலை டிஸ்கில் எழுதும், யு டிஸ்கைப் பூட்டும், பி ரீஸ்டார்ட் செய்யும்.

உப்பா, அப்டேட்டா?

கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும்போது பழைய மாடலாக இருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், புதியதாக இருந்தால் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். எதைக் கிளப்புவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். எஸ்கேப்பைக் கூடுதலாகத் தட்டிவிட்டால் கிரப் என்று ஒற்றை வரி வந்து நிற்கும். பயம் வேண்டாம், நார்மல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் மெனு திரும்ப வரும்.

இப்போது மேல் கீழ் அம்பு விசைகளை அழுத்துங்கள். இந்தக் கட்டத்தில் லினக்ஸே கிளம்பவில்லை. தேர்வு நகர்ந்தால் கீபோர்டு, ஒயர், யுஎஸ்பி துளை எல்லாம் நலம். நகரவே இல்லை என்றால் பின்பக்கத் துளை ஒன்றில் மாற்றிச் சொருகிப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால்தான் உப்பைச் சந்தேகப்பட வேண்டும். பிளக்கில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

சரி செய்யும் இடம்

கிரப்பில் முதல் வரியில் நின்று இ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீள வரி ஒன்று இருக்கும். அதன் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு 3 என்று போட்டு எஃப்10 அழுத்துங்கள். வரைகலைத் திரை இல்லாமல் எழுத்துத் திரையாக மட்டும் கிளம்பும். சர்வர் ஓடாததால் இங்கே கீபோர்டு வேலை செய்யும். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்குத்தான், நிரந்தரமல்ல. பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள்; பாஸ்வேர்டு டைப் செய்யும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான்.

இந்த எழுத்துத் திரையிலும் கீபோர்டு செத்திருந்தால் பழி கெர்னல் மேல். மறுபடி கிரப்புக்குப் போய் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி செல்போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள். நெட் தானாகவே வந்துவிடும். கமாண்டுகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்: சூடோ என்றால் sudo, டிபிகேஜி என்றால் dpkg, ஆப்ட் என்றால் apt, எக்ஸ்சர்வர் என்றால் xserver, எக்ஸ்ஆர்க் என்றால் xorg, லிப்இன்புட் என்றால் libinput, கிரெப் என்றால் grep. இடைவெளியும் கோடுகளும் உள்ளபடியே வேண்டும்.

முதலில், பாதியில் நின்றதை முடிக்க:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்

பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். சூடோ ரீபூட் அடித்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மறுபடி அதே வழியில் வந்து:

சூடோ ஆப்ட் அப்டேட்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-கோர் எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-லிப்இன்புட்

நீளப் பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும், அல்லது பட்டியல் காட்டும். உபுன்டு 18.04 காலத்துப் பெட்டியில் ஹெச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான) சர்வர் போட்டிருந்தால் இரண்டு பெயர்களின் வாலிலும் -ஹெச்டபிள்யூஇ-18.04 சேர வேண்டும். அந்தப் பதிப்பில் சர்வரை மட்டும் ஹெச்டபிள்யூஇக்கு மாற்றிவிட்டு டிரைவரை விட்டவர்கள் நிறையப் பேர் இப்படி மாட்டினார்கள்.

அப்புறமும் அடம் பிடித்தால் சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் லாக் கோப்பைக் கேளுங்கள்:

கிரெப் இஇ /வார்/லாக்/எக்ஸ்ஆர்க்.0.லாக்

இஇ இரண்டும் பெரிய எழுத்து, எக்ஸ்ஆர்க்கின் முதல் எழுத்தும் பெரியது. லிப்இன்புட் மாட்யூல் இல்லை என்று வந்தால் நிறுவல் இன்னும் குறை. ஏபிஐ எண் (மேலே சொன்ன ஒப்பந்த எண்) பொருந்தவில்லை என்று வந்தால் பிபிஏ சமாச்சாரம்; பிபிஏ-பர்ஜ் கருவியை நிறுவி அந்தப் பிபிஏவை நீக்குங்கள், பழைய பொருத்தமான பதிப்புகள் திரும்பி வரும். இரண்டும் இல்லை என்றால் /இடிசி/எக்ஸ்11 அடைவில் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்று யாரோ என்றைக்கோ எழுதிய கோப்பு இருக்கிறதா பாருங்கள். அதில் ஆட்டோஆட்டிவைசஸ் என்பதை ஃபால்ஸ் என்று போட்டிருந்தால் சர்வர் எந்தக் கீபோர்டையும் தானாகச் சேர்க்காது. அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி வைத்தால் போதும்.

இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு மின்ட்டிலேயே டைம்ஷிஃப்ட் இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் அதில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டம் அப்போது இருந்த நிலையின் நகல்) எடுத்திருந்தால், எழுத்துத் திரையில் சூடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர் என்று அடித்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் பழைய நிலை வந்துவிடும். என்னைக் கேட்டால் மேலே சொன்ன வைத்தியம் எல்லாவற்றையும்விட இதுதான் மேல். எடுத்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையுமாக இருக்கும்போது யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். மீன் கம்பெனி பில் கவுன்டர், ஐஸ் கம்பெனி, வலைக்கடை என்று படகை நம்பி ஓடும் கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய பதிப்பு மாற்றத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏதாவது கோளாறானாலும் நிதானமாகச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.