பால்கனித் தொட்டியில் கொமாட்சுனா: விதையிலிருந்து பொரியல் வரை

தோக்கியோவில் எங்கள் நிஷி கசாய் பக்கம் எந்தக் காய்கறிக் கடைக்குப் போனாலும் கொமாட்சுனா கட்டுக் கட்டாக இருக்கும். கடுகுக் குடும்பத்துக் கீரை. இதன் சொந்த ஊரும் இதே எடோகாவா வட்டாரம்தான். வேட்டைக்கு வந்த எட்டாவது ஷோகுன் (அந்தக் கால ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர்) தோகுகவா யோஷிமுனே, இந்தக் கீரை போட்ட சூப்பைச் சுவைத்துவிட்டு, கொமாட்சுகாவா என்ற ஊர்ப் பெயரையே இதற்கு வைத்தார் என்று இங்கே கதை சொல்வார்கள். முதன்முதலாக விதை வாங்குகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

மார்ச் முதல் அக்டோபர் வரை விதைக்கலாம். ஆனால் உங்கள் முதல் விதைப்பு செப்டம்பர் கடைசியில் இருக்கட்டும். வெயில் தணிந்திருக்கும், பூச்சியும் குறைந்துகொண்டே வரும்.

65 செ.மீ. நீளத் தொட்டி ஒன்று போதும். மண்கலவையை நிரப்பி, விரல் நுனியால் 1 செ.மீ. ஆழத்தில் இரண்டு கோடு இழுங்கள். கோடுகளுக்கு இடையே 10 செ.மீ. இருக்கட்டும். விதைகளை 1 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டு மண்ணால் மூடி, விதை நகராதபடி மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும்.

விதைத்த அன்றே தொட்டிக்குப் பூச்சி வலை போட்டுவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. என் முதல் தொட்டிக்கு 'முளைக்கட்டும், பார்க்கலாம்' என்று விட்டேன். வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் காம்பை மட்டும் மிச்சம் வைத்தன. புழு வந்த பிறகு போடும் வலை புழுவுக்குத்தான் பாதுகாப்பு. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் நுழையாத அளவுக்குக் கண் சிறிய வலையாக, 0.8 மி.மீ.க்கு மேல் போகாததாக வாங்குங்கள்.

அடுத்தது பயிர் கலைத்தல். முதலில் வரும் வித்திலை விரிந்ததும் 3 செ.மீ.க்கு ஒரு செடி, நாலைந்து இலை வந்ததும் 5 செ.மீ.க்கு ஒரு செடி என்று விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாமே நூலாக நீண்டு சாய்ந்துவிடும். பிடுங்கிய பிஞ்சுக் கீரையைக் கழுவிப் பருப்பில் போடுங்கள், அவ்வளவு இளசாக எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டாம் முறை கலைத்ததும் கொஞ்சம் உரம் போட்டு, வேரோரம் மண் அணையுங்கள்.

20 முதல் 25 செ.மீ. உயரம் வந்தால் அறுவடை. கோடையில் ஒரு மாதம் போதும், குளிரில் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். காத்திருப்பதில் தப்பில்லை, குளிர் பட்ட கீரைக்கு இனிப்பு கூடும்.

சமையல் ரொம்ப சுலபம். பசலைபோல ஆக்சாலிக் அமிலம் அதிகம் இல்லாததால் வேகவைத்துத் தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளித்துத் தண்டை முதலில் போடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து இலை, இறக்கும்போது தேங்காய்த் துருவல். ஜப்பானிய முறையில் வேண்டுமானால், கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, தாஷியும் (மீன் அல்லது கடற்பாசியில் எடுத்த சாறு) சோயா சாஸும் ஊற்றுவார்கள். அதுதான் ஒஹிதாஷி. சைவக்காரர்கள் மீன் சேராத, 'கொம்பு' என்ற கடற்பாசியில் செய்த தாஷி வாங்குங்கள்.

நாலைந்து செடியை மட்டும் அறுக்காமல் விட்டுவையுங்கள். வசந்தத்தில் மொட்டு விடும். மஞ்சள் பூ விரிவதற்கு முன்னால் கிள்ளி, இதே பொரியலாகச் செய்யலாம்.