பிசிஓஎஸ் இருந்தால் எடை குறைப்பது: தட்டில் மாற்ற வேண்டியவை

பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்பது ஹார்மோன் சமநிலை குலைந்து மாதவிடாய் தவறும் பிரச்சினை. எடை குறைப்பதில் இலக்கு சின்னதாக இருக்கட்டும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ, அதாவது 5 சதவீதம், குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் (ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. ஈடுகட்டக் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோனை ஏற்றுகிறது. எடை இறங்க இறங்க இந்தப் பிடி தளரும்.

இதற்கென்று தனி டயட் கிடையாது. கீட்டோவோ (மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் டயட்) வேறொன்றோ மற்றதைவிட மேல் என்று பிசிஓஎஸ் பற்றிய 2023 சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்லவில்லை. காரணமின்றிப் பாலையும் கோதுமையையும் ஒதுக்கவும் வேண்டாம்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், வாயில் போவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு அதிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறையுங்கள். பெரும்பாலும் திருடன் எண்ணெய்தான்: ஒரு மேசைக்கரண்டியில் (15 மி.லி.) கிட்டத்தட்ட 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் மூன்று கரண்டி போனதே தெரியாது. கரண்டியால் அளந்தே ஊற்றுங்கள். அடுத்தது சர்க்கரை போட்ட பானங்களும் பழச்சாறும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம் இருந்தால் பசி அடங்கும். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் உண்டு. கூடவே கெட்டியாக வேகவைத்த பருப்பு அரை கப் சேர்த்தால் 20-ஐத் தொடும்.

காலையில் பட்டினி கிடந்து இரவில் அள்ளிச் சாப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மாதவிடாய்க்கு முன் நீர் தேங்கி ஓரிரு கிலோ ஏறுவதைப் பார்த்து மனம் விட்டு நிறுத்துவது அடுத்தது. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நான்கு வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். இடுப்பையும் டேப்பால் அளங்கள், தராசு அசையாதபோதும் அது சில சமயம் இறங்கும்.

மெட்ஃபார்மின் (இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மாத்திரை) எடுப்பவர்கள் அதை உணவோடு விழுங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும். நீண்டகாலம் எடுத்தால் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறையும்போது, நின்றுபோன மாதவிடாய் திரும்ப வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். குழந்தை இப்போது வேண்டாமென்றால் கருத்தடையை மறக்காதீர்கள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையா? எடை குறையட்டும் என்று காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள், கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகக்கூடும்.