சலக் குளிசை: நேரத்தை மாற்றலாம், அளவில் கை வைக்காதீர்கள்

உடம்பில் தேங்குகிற நீரைச் சலமாக வெளியே தள்ளுகிற குளிசைதான் சலக் குளிசை. பாமசிக்கு வருகிற வயதானவர்களிடம் "சலக் குளிசையை ஒழுங்காகப் போடுறீங்களா ஐயா?" என்று கேட்டால் முதலில் ஓம் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் நின்று கதைத்தால் உண்மை வெளியே வரும். கிளினிக் நாளில் போடுவதில்லை, செத்தவீட்டுக்குப் போகிற நாளில் போடுவதில்லை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் நாளே நிறுத்தியாச்சு. ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, கிளிநொச்சிக்கு வேறு பஸ் பிடிக்கிறவருக்கு வழியில் சலம் முட்டினால் என்ன செய்வார்? பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் பிழை.

என் அப்பாவும் இதையேதான் செய்தார். கிளினிக் நாளில் போடவில்லை, அடுத்த நாள் கலியாண வீடு, மூன்றாம் நாள் அலுப்பில் மறதி. நான்காம் இரவு மூச்சு முட்டி, இரண்டு தலையணை அடுக்கி வைத்தும் படுக்க முடியாமல் கதிரையில் குந்தியிருந்தே விடிந்தது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குளிசை போடாமல் கிளினிக்குப் போனால் பிரஷர் ஏறித்தான் நிற்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டியதை வீட்டில் ஒழுங்காகப் போடத் தொடங்கினால் எழும்பி நிற்க முடியாத தலைச்சுற்று, உடனே "இந்த மருந்து எனக்கு ஒத்துவரேல்லை" என்று மொத்தமாக விட்டுவிடுவார்கள். ஆகவே போடவில்லை என்றால் போடவில்லை என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், பேச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

சரி, என்ன செய்யலாம்? இதய வருத்தத்துக்குப் பெரும்பாலும் தருகிற சலக் குளிசை ஃபுருசமைட், லாசிக்ஸ் என்றும் பெயர். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி, முதல் இரண்டு மணித்தியாலத்தில் ஓட ஓட விரட்டி, ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். இந்தக் கணக்குத் தெரிந்தால் பயணத்தைச் சமாளிக்கலாம். விடிய 6 மணி பஸ் என்றால் குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு போய், மத்தியானம் வீடு திரும்பிய கையோடு போடுங்கள். நாள் தவறவில்லை, நேரம்தான் தள்ளிப்போனது. உங்களுக்கு இப்படித் தள்ளலாமா என்று கிளினிக்கில் ஒருமுறை கேட்டு வையுங்கள், பெரும்பாலும் ஓம் என்பார்கள். பின்னேரம் 4 மணி தாண்டிவிட்டால் அன்றையதை விட்டுவிட்டு, அடுத்த நாள் வழமைபோல ஒன்று மட்டும். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது.

ஒரு நாளைக்கு இரண்டு தரம் எழுதியிருந்தால் இரண்டாவதை இரவுச் சாப்பாட்டோடு போடாதீர்கள், மத்தியானம் 2 மணியளவில் போடுங்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மலசலகூடம் பின்வளவில், இருபது முப்பது அடி தள்ளி இருக்கும். நடுச்சாமத்தில் டோர்ச்சோடு போய் விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் உண்டு, பாம்பும் உண்டு, சில ஊர்களில் யானையும் வரும். பிரஷருக்கென்று தருகிற சலக் குளிசைகளான ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டபமைட் போன்றவை ஃபுருசமைட் மாதிரி அவசரப்படுத்தாது, மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும். அவற்றையும் காலையில் போடுவதே வசதி.

இனி தராசு. இதய வருத்தக்காரர் இருக்கிற வீட்டில் ரிவி ரிமோட்டை விட இது முக்கியம் என்பது என் அபிப்பிராயம். காலையில் எழும்பிச் சலம் கழித்த பிறகு, தேத்தண்ணி குடிக்க முதல், அதே மெல்லிய உடுப்போடு, அதே தராசில் ஏறுங்கள். தராசு சீமெந்து நிலத்தில் இருக்கவேண்டும், பாய்க்கு மேல் வைத்தால் பிழை காட்டும். இலக்கத்தைச் சுவரில் தொங்குகிற கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பிட்டு வந்த கொழுப்பு இல்லை, உடம்பில் தேங்குகிற நீர். மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள். மறுபக்கமாக, நிறை மளமளவென்று இறங்கி, எழும்பும்போது கண் இருட்டி, நாக்கு ஒட்டி, சலமும் குறைந்தால் நீர் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அதுவும் அன்றைக்கே சொல்லவேண்டிய விஷயம்.

கால்களையும் பாருங்கள். முன்னங்கால் எலும்புக்கு மேல் பெருவிரலால் பத்து வினாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நிற்கிறதா? பாட்டா செருப்பின் வார் பதிந்த தடம் பின்னேரம் வரை போகாமல் இருக்கிறதா? அப்பாவின் வீக்கத்தை நாங்கள் முதலில் கண்டது அந்தச் செருப்புத் தடத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் தருகிற கடதாசிப் பைகளையும் கவனியுங்கள். வெள்ளைக் குளிசை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒருமுறை ஒரு அம்மா இரண்டு பை கொண்டுவந்தார். கிளினிக்கில் தந்ததில் ஃபுருசமைட் என்றும், வெளியில் வாங்கியதில் லாசிக்ஸ் என்றும் எழுதியிருந்தது. ஒன்று காலுக்கு, மற்றது நெஞ்சுக்கு என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே மருந்து.

நாரிப்பிடிப்பு என்று கடையில் டைக்ளோபெனாக்கோ இப்யூபுரோபனோ வாங்கிப் போடுகிற பழக்கம் வன்னியில் நிறையவே இருக்கிறது, அரிவு வெட்டுக் காலத்தில் இன்னும் கூட. சலக் குளிசையும், லோசாட்டன் அல்லது எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசையும் போடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம். இந்த நோவுக் குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைப்பதால் சலக் குளிசையின் வேலையும் கெட்டுப்போகும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கனவே இருக்கிற இடங்கள் உண்டு, நாங்கள் வேறு அதற்கு வழி வெட்டிக் கொடுக்கவேண்டாம். நோவுக்குப் பரசிட்டமோல் போதும், அதுவும் சொன்ன அளவில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். நாட்டு மருந்தில் அதிமதுரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அது பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும்.

பொட்டாசியம் என்றதும் "இளநீர் குடிக்கலாமா?" என்ற கேள்வி வரும். பதில் ஆளுக்கு ஆள் வேறு. ஃபுருசமைட்டும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், அதனால் கெண்டைக்கால் பிடிக்கலாம், நெஞ்சு படபடக்கலாம். ஸ்பைரோனோலக்டோன் என்ற இன்னொரு சலக் குளிசை நேர்மாறாகப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும், லோசாட்டனும் எனலாப்ரிலும் அதற்குத் துணை போகும். அப்படிப்பட்டவர் சத்து என்று நாளுக்கு மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். இதை வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது, இரத்தம் பார்க்கத்தான் வேண்டும். குளிசை தொடங்கியோ அளவு மாற்றியோ ஒன்றிரண்டு கிழமைக்குள், பிறகு டொக்டர் சொல்கிற இடைவெளியில், பொட்டாசியம், சோடியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் மூன்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் குறைப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்குள் கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாம் அடக்கம்.

வயிற்றோட்டம், சத்தி, அல்லது காய்ச்சலில் ஒன்றும் குடிக்க முடியாத நாட்கள் வேறு கணக்கு. சோளகம் அடிக்கிற வெயில் காலத்தில் வயலில் நின்று வேர்த்துக் காய்ந்தவருக்கும் இதுதான். உடம்பிலிருந்து ஏற்கனவே நீர் போய்க்கொண்டிருக்க, குளிசையும் சேர்ந்து இறைத்தால் தாங்காது. இப்படியான நேரத்தில் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வதுண்டு, ஆனால் அதை டொக்டர் சொல்லவேண்டும். அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கேளுங்கள், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனிப் பொடியைக் கரைத்துக் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்து, ஏனென்றால் அதிலும் உப்பு இருக்கிறது.

நேராகப் படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால், சளி நுரையாக இளஞ்சிவப்பில் வந்தால், கூட ஒரு குளிசை கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், காசு எடுக்கமாட்டார்கள். வண்டி வரும் வரை மூச்சு முட்டுகிறவரைப் படுக்கப் போடாமல் காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைகளையும் எடுத்து வையுங்கள், அந்தக் கலண்டரையும் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போங்கள்.