மறுமதிப்பீட்டை எதிர்த்து வழக்குப் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மறுமதிப்பீட்டு முடிவு ‘மாற்றம் இல்லை’ என்று ஒற்றை வரியில் வந்ததும் வக்கீல் ஆபீஸ் படியேறும் மாணவர்கள், செமஸ்டருக்கு செமஸ்டர் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கடைசித் தேதியைத் தவறவிட்டது, கட்டணம் கட்ட மறந்தது எல்லாம் இங்கே வேண்டாம். கவனமான பிள்ளைகளும், கூடவே புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய ஜூனியர்களும் செய்கிறவை மட்டும்.

விடைத்தாள் நகல் கையில் இல்லாமல் கிளம்புவது

அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் நகல், அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி அவர் பரிந்துரைத்த பிறகு மறுமதிப்பீடு என்பது நடைமுறை. நேராக மறுமதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்க விடும் இடங்களில்தான் பலர் நகலை மிச்சம் பிடிக்கிறார்கள். அப்புறம் கோர்ட்டில் காட்ட ஒரு தாளும் இருக்காது.

நகலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பல்கலைக்கழகம் அறிவிக்கும் கட்டணம். இன்னொன்று தகவல் உரிமைச் சட்டம்: மனுவுக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். தன் விடைத்தாளைத் தேர்வர் கேட்டு வாங்கலாம் என்பதை 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எந்த வழியில் கேட்பது என்பது தேர்வரின் விருப்பம் என்று 2019-இல் கம்பெனி செக்ரட்டரிகள் இன்ஸ்டிட்யூட் வழக்கிலும் சொல்லியாயிற்று. மலிவு என்று தகவல் உரிமையை மட்டும் நம்பினால், பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடும். முதல் நகலைப் பல்கலைக்கழக வழியில் வாங்குங்கள். மறுமதிப்பீடு முடிந்த பிறகு, இரண்டாவதாகத் திருத்தியவர் போட்ட மார்க் விவரத்தைத் தகவல் உரிமையில் கேளுங்கள். விடைத்தாளைக் காலம் முழுக்கப் பாதுகாக்க மாட்டார்கள். வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்து அழித்துவிட்டால் கேட்கும் உரிமையும் அத்தோடு போயிற்று. ‘என் தாளை அழிக்க வேண்டாம்’ என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அன்றே ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.

‘நன்றாக எழுதியிருக்கிறேன், மார்க் போடச் சொல்லுங்கள்’

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாதது இதுதான். அஃபிடவிட்டைப் (மனுவோடு தரும் பிரமாண வாக்குமூலம்) பிரித்தால் முதல் ஆறு பத்தி ஜாதகம்: பத்தாம் வகுப்பில் இவ்வளவு, பிளஸ் டூவில் இவ்வளவு, ஐந்து செமஸ்டரிலும் அரியர் கிடையாது, ஆகவே இந்தத் தாளில் 38 வர வாய்ப்பே இல்லை. ஏழாவது பத்தியில், 14-ஆம் கேள்விக்கு 13 தகும், 6 போட்டிருக்கிறார்கள். இணைப்பாக, தெரிந்த பேராசிரியர் ஒருவர் திருத்திக் கொடுத்த தாள். மனுவுக்குக் கோர்ட் எண் போடும் முன்பே இதன் முடிவு தெரிந்துவிடும்.

நீதிபதி உங்கள் விடையைப் படிக்க மாட்டார். மறுமதிப்பீடு விதியில் இருந்தால்தான் உண்டு, தானாக வரும் உரிமை அல்ல என்று மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் 1984-லேயே தீர்ப்பாகிவிட்டது. 2017-இன் ரண் விஜய் சிங் தீர்ப்பு இன்னும் இறுக்கம்: விதி மௌனமாக இருக்கும்போது, ஊகமோ வியாக்கியானமோ இல்லாமல் பளிச்சென்று தெரியும் பிழைக்கு மட்டும், அதுவும் அபூர்வமாகத்தான் கோர்ட் கைவைக்கலாம். அந்தப் பேராசிரியர் திருத்திக் கொடுத்த தாளே வியாக்கியானம்தான்.

பாடம் தெரியாத ஒரு குமாஸ்தா ஒரு நிமிஷம் பார்த்து ‘ஆமாம், தப்புதான்’ என்று சொல்லக்கூடிய பிழையைத் தேடுங்கள். நகலின் முகப்புக் கட்டத்தை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு கேள்வியாக உள்பக்க மார்க்கோடு ஒத்துப் பாருங்கள். உள்ளே 12 (ஆ)-வுக்கு 11, முகப்பில் 1 என்று ஏறியிருந்தால் மொத்தம் 51-க்குப் பதில் 41. அடுத்து, சிவப்பு மையே படாத பக்கம்: மார்க்கும் இல்லை, அடித்தலும் இல்லை என்றால் அது திருத்தாத விடை. பிறகு விதிப் புத்தகம். இரண்டு மதிப்பீட்டுக்கும் இத்தனை மார்க் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்க்க வேண்டும் என்றிருந்து, அனுப்பாமல் விட்டிருந்தால் அதுவே வழக்கு.

கோரிக்கையும் அதற்கேற்ப இருக்கட்டும். ‘பாஸ் என்று அறிவிக்கவும்’ வேண்டாம். கூட்டலைச் சரிசெய், விட்டுப்போன விடையைத் திருத்து, விதிப்படி மூன்றாவது மதிப்பீட்டுக்கு அனுப்பு. இவ்வளவு போதும்.

கொள்குறி வினா (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) என்றால் கதை சற்று வேறு. விடைக்குறிப்பு சரி என்றே கோர்ட் தொடங்கும். அது தவறு என்பதைப் பாடநூல் பக்கத்தை வைத்து ஐயமறக் காட்ட முடிந்தால் 1983 கான்பூர் பல்கலைக்கழகத் தீர்ப்பு கைகொடுக்கும்.

அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு முறைகேடு பற்றி 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததைக் காட்டி, ‘இதிலும் நடந்திருக்கலாம்’ என்று ஒரு பத்தி சேர்க்கிறவர்கள் உண்டு. உங்கள் தாளைத் தொடாத ஊழலால் உங்களுக்கு ஒரு மார்க்கும் வராது.

நுகர்வோர் கோர்ட்

போகாதீர்கள். தேர்வு நடத்துவது ‘சேவை’ அல்ல என்று 2009-லேயே முடிந்துபோன விஷயம்.

திருத்தியவர் பெயரைக் கேட்பது

தர மாட்டார்கள். தரவும் வேண்டியதில்லை.

கேட்காமலே ரிட்

ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவில் மாண்டமஸ், அதாவது ‘உன் கடமையைச் செய்’ என்று அதிகாரிக்கு உத்தரவு, கேட்பவர் முதலில் அதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும். பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருவருக்கும் பிழையை மட்டும் சொல்லும் ஒரு பக்க மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன டிராக்கிங் பிரிண்டையும் டைப்டு செட்டில் (மனுவோடு தரும் ஆவணத் தொகுப்பு) சேருங்கள். கல்லூரி முதல்வரை மட்டும் எதிர்மனுதாரராக்கிப் பயனில்லை, மார்க் அவர் கையில் இல்லை. செலவுக்குத் தயங்கும் மாணவிகளும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு அதற்குத்தான்.

அரியர் எழுதாமல் காத்திருப்பது

எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்ட பயம். கவுன்டர் (பதில் மனு) தாக்கல் செய்யப் பல்கலைக்கழகம் வாய்தா வாங்கும். அதற்குள் அடுத்த தேர்வு வந்துவிடும். ‘வழக்கின் உரிமைக்குப் பாதகமின்றி எழுதுகிறேன்’ என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, போய் எழுதுங்கள்.