சொகுசு கார் வாங்கும் முன் குனிந்து பாருங்கள்

கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர் வீட்டு ஆடி காரோ பென்ஸ் காரோ விலைக்கு வருகிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். "வருஷத்துக்கு ஒரு மாசம்தான் ஓடுச்சு, மீட்டரைப் பாருங்கண்ணே" என்பார் தரகர். நம்ம கடற்கரையில் அதுதான் வில்லங்கமே. சும்மா நிற்கும் வண்டியை உப்புக்காற்று விடாது.

போன மாதம் ஒரு வண்டியை மெக்கானிக்கோடு போய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அடியில் சைலன்சர் இணைப்பை நகத்தால் சுரண்டியதும் துரு அப்பளமாக உதிர்ந்தது. அந்த வண்டிக்குப் புது வண்டிக்குப் பக்கத்தில் விலை சொன்னார்கள்! பிரேக் குழாய், கதவின் அடி ஓரம், ஸ்டெப்னி வைக்கும் குழி, மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். கடைசியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். டயரில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. ஓடாத டயரும் வயசானால் வெடிக்கும்.

டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதும் அதற்கு ஒரு காரணம். படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று, இல்லாமல் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தின் டிஎன் 65 பதிவு எண் கிடைக்காது. இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், வங்கிக் கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.