கார்டைப் பொருத்தியதும் காணாமல் போன ஐபிஎம்ஐ

சர்வரில் புதிய 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டைப் பொருத்தினேன். லினக்ஸ் கார்டை உடனே அடையாளம் கண்டது, வேகமும் சரியாக இருந்தது. ஆனால் சர்வரைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்ய உதவும் ஐபிஎம்ஐ வசதியின் முகவரி மட்டும் பிங்குக்கு, அதாவது இணைப்புச் சோதனைக்கு, பதில் தரவில்லை. இந்த வசதியை மதர்போர்டில் உள்ள ஒரு தனி மேலாண்மைச் சில்லு இயக்குகிறது; அதற்கென்று தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு.

கார்டுதான் காரணம் என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்த்தேன். கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றினேன். சர்வரை மூன்று முறை ரீபூட் செய்தேன். பலனில்லை. ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி காட்டிய ஐபி, கேட்வே முகவரிகள் எல்லாமே சரி. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் சுவிட்சின் மேக் அட்டவணையை, அதாவது எந்தச் சாதனம் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று காட்டும் பட்டியலை, பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. மேலாண்மைச் சில்லின் மேக் முகவரி, அதற்குரிய தனிப் போர்ட்டில் இல்லை. சர்வரின் முதல் லேன் போர்ட்டில், வேறொரு விலேனில் (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த வேறொரு நெட்வொர்க்கில்) இருந்தது!

கார்டைப் பொருத்திய பிறகு நான் முதலில் செருகியது மின்கம்பியை, நெட்வொர்க் கேபிளை அல்ல. பவர் பட்டனை அழுத்தாவிட்டாலும் மின்சாரம் வந்தவுடன் அந்தச் சில்லு விழித்துக்கொள்ளும். எந்தப் போர்ட்டைப் பயன்படுத்துவது என்ற அதன் அமைப்பு 'ஃபெயில்ஓவர்' (ஒன்று இல்லையென்றால் மற்றொன்று) என்று இருந்ததால், தனிப் போர்ட்டில் இணைப்பு இல்லை என்று கண்டு முதல் லேனுக்குத் தாவிவிட்டது. எங்கள் மதர்போர்டில் அது தானாகத் திரும்புவதில்லை. சர்வரை ரீபூட் செய்தாலும் சில்லு ரீபூட் ஆகாது என்பதால் என் முயற்சிகள் வீணாயின.

பயாஸில் அந்த அமைப்பை 'டெடிகேட்டட்' (தனிப் போர்ட் மட்டும்) என்று மாற்றி, ஐபிஎம்ஐடூல் வழியே சில்லுக்கு மட்டும் கோல்ட் ரீசெட், அதாவது முழு மறுதொடக்கம், கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் பிங் வந்தது. அப்பாடா! இப்போது நெட்வொர்க் கேபிளைச் செருகிய பிறகே மின்கம்பியைத் தொடுகிறேன்.